ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழைத் தொட்டால் இரைச்சல் ஏன்?

நீங்கள் அமைத்த விரியலாக்கியின் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழில் கைவைத்ததும் "ம்ம்..." என்ற இரைச்சல் கூடுகிறதா? உடனே திரான்சிற்றரைக் கழற்ற வேண்டாம். மாறுந்தடையின் உலோக உறையை முதலில் பாருங்கள்.

வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஆடலோட்டமாகும். அதன் மின்புலம் உங்கள் உடலிலும் சிறிய ஆடல் அழுத்தத்தைத் தூண்டுகிறது. மாறுந்தடையின் உறையும் உள்ளிருக்கும் காபன் தடமும் ஒரு சிறு கொள்ளளவியின் இரு தட்டுகள் போன்றவை. உறை எதனுடனும் இணைக்கப்படாவிடின், கையிலுள்ள 50 ஹேர்ட்ஸ் சைகை தடத்தை அடைந்து விரியலாக்கப்படும். உறையைச் சுற்றின் 0 வோல்ற்றுக் கோட்டுடன் இணையுங்கள். அச்சைகை அக்கோட்டிற்கே சென்றுவிடும். (பற்றாசு பிடிக்குமுன் உறையில் ஓரிடத்தைச் சுரண்டுக. நெடுநேரம் சூடாக்கினால் தடம் பழுதாகும்.)

உறை ஏற்கெனவே 0 வோல்ற்றுடன் இணைந்த உலோகப் பலகையில் திருகப்பட்டிருப்பின் இன்னொரு கம்பி வேண்டாம். இரு வழிகள் சேர்ந்தால் மூடிய வளையம் ஒன்று உண்டாகும். மின்மாற்றியின் காந்தப்பாயம் அதில் மின்னோட்டத்தைத் தூண்ட, இரைச்சல் மீண்டும் வரும். கவசக் கம்பியின் வெளிவலையை ஒரு முனையில் மாத்திரம் இணைப்பதற்கும் காரணம் இதுவே. விடை எழுதும்போது பலர் தவறவிடும் இடம் இது.

இரைச்சலைப் போக்கவென மூன்றுமுனைச் செருகியின் புவிக்கம்பியைக் கழற்றுவோரும் உளர். ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். உயிர்க்கம்பி தற்செயலாக உலோகப் பெட்டியைத் தொட்டால், புவிக்கம்பியூடாகப் பாயும் பெரிய மின்னோட்டமே உருகியை எரித்துச் சுற்றைத் துண்டிக்கிறது.