கட்டணம் முத்திரைக்குத்தான், சோதனைக்கு அல்ல

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 30 கிலோ எலெக்ட்ரானிக் தராசு ஒன்றும் இரும்பு எடைக்கற்கள் ஒரு செட்டும் இருக்கின்றன. பிப்ரவரியில் தராசு மெக்கானிக் ஒருவர், ‘முத்திரை போட்டு வாங்கித் தருகிறேன்’ என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டு தராசை எடுத்துப் போனார். மறுநாள் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்தார், ரசீது தரவில்லை. ஆகஸ்டில் சோதனைக்கு வந்த அதிகாரி, முத்திரை காலாவதியாகி ஐந்து மாதமாகிறது, தாமதக் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும் என்கிறார். ஒரே தராசுக்கு எத்தனை முறை பணம் கட்டுவது? சோதனைக்கு வருகிறவருக்கும் கட்டணம் உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சோதனைக்குக் கட்டணம் கிடையாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன் 15-ஆம் பிரிவு, உரிய நேரத்தில் கடைக்கு வந்து தராசைச் சோதிக்கும் அதிகாரத்தை அலுவலருக்குத் தருகிறது. அதற்காக வியாபாரியிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. கட்டணம் என்பது 24-ஆம் பிரிவின்படி தராசைச் சரிபார்த்து முத்திரை இடுவதற்கானது. தராசின் வகை, கொள்ளளவு, துல்லிய வகுப்பு ஆகியவற்றைப் பொறுத்து அதன் தொகை விதிகளின் அட்டவணையிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்து, தராசை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கம்பியில் கோத்த சிறிய ஈய முத்திரை இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் அதில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் தெரியும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி, டி அடுத்தடுத்த காலாண்டுகள். பிப்ரவரியில் உண்மையாகவே முத்திரை விழுந்திருந்தால் ‘ஏ’யும் இந்த ஆண்டின் இலக்கமும் இருந்தாக வேண்டும். போன ஆண்டின் இலக்கம் இருந்தால் உங்கள் 800 ரூபாய் அரசுக்குப் போய்ச் சேரவில்லை. மெக்கானிக் ஒட்டிய ஸ்டிக்கர் எந்தக் காலத்திலும் முத்திரை ஆகாது. உரிமம் பெற்ற மெக்கானிக் பழுது பார்க்கலாம், தராசைச் சரிபார்ப்புக்குத் தயார் செய்து தரலாம், அவ்வளவுதான்.

எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், இரும்புக் கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். இரண்டுக்கும் தேதி வேறு என்பதால்தான் பல கடைக்காரர்கள் ஒன்றை நினைவு வைத்து மற்றொன்றைத் தவறவிடுகிறார்கள். நடுவில் தராசைப் பிரித்துப் பழுது பார்த்தாலும், 12 மாதம் முடியவில்லை என்று இருந்துவிடக் கூடாது. மறுபடி முத்திரை வாங்கிய பிறகே அதில் எடை போட வேண்டும்.

தாமதக் கட்டணத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு. கெடு முடிந்த பிறகு கடக்கும் ஒவ்வொரு காலாண்டுக்கும், காலாண்டில் ஒரு பகுதியே கடந்திருந்தாலும், வழக்கமான கட்டணத்தில் பாதி கூடுதலாகும். கணக்குப் புரிவதற்காகக் கட்டணம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதத் தாமதம் இரண்டு காலாண்டாகக் கணக்காகும். ஆக 200 ரூபாய் கூடி மொத்தம் 400. உங்களிடம் கேட்ட தொகை இந்தக் கணக்கில் அடங்குகிறதா என்று பாருங்கள். கடைக்கே வந்து முத்திரையிடும்படி நீங்கள் கேட்டுக்கொண்டால் கூடுதல் கட்டணமும் பயணச் செலவும் சேரும். முத்திரையிடும் முகாமுக்குத் தராசைத் தூக்கிச் சென்றால் அந்தச் செலவு மிச்சம்.

அபராதம் இதிலிருந்து தனி விஷயம். முத்திரையில்லாத தராசைப் பயன்படுத்துவது 33-ஆம் பிரிவின்படி குற்றம். மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்பது இதில் எடுபடாது. தராசை வைத்திருப்பவர்தான் அதைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. இது உங்களுக்குக் கசப்பாகத்தான் இருக்கும். நியாயமாக நடந்துகொள்ள நினைத்துப் பணம் கொடுத்தவர் நீங்கள். ஆனாலும் நீதிமன்றம் வரை போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 48-ஆம் பிரிவின்படி இணக்கக் கட்டணம் செலுத்தி வழக்கை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதுவும் அரசுக்குப் போகும் பணம், ரசீதோடுதான் கட்ட வேண்டும். முடித்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் இதே தவறு நடந்தால் மறுபடி இந்த வழி திறக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தராசைப் பறிமுதல் செய்தால் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதச் சொல்லி, நகலைக் கேட்டு வாங்குங்கள்.

மெக்கானிக்கையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. உங்கள் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 800 ரூபாயை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும், தராசு போய் வந்த நாளில் பேசிய வாட்ஸ்அப் செய்தியையும் இணையுங்கள். அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் தெருவில் இன்னும் எத்தனை தராசுகளில் அதே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதோ!

இந்த வாரமே தராசையும் கற்களையும் எடுத்துக்கொண்டு நீங்களே முத்திரை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் பெயரில் ரசீதும் சரிபார்ப்புச் சான்றிதழும் வாங்கி, சான்றிதழைக் கல்லாவுக்கு மேலே வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். அதுவரை அந்தத் தராசில் எதையும் நிறுத்து விற்க வேண்டாம்.