சீதைப் பாண்டி கற்பிக்கும் சுழல்நிதிப் பாடம்
ஒருவரே ஆடும் பல்லாங்குழி வகை சீதைப் பாண்டி. ஏழு குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என 28 சோழிகளை இடுக. ஏழு உள்ள குழியை அள்ளி, அக்குழி தொடங்கி ஒவ்வொன்றாக இடுக. ஏழாம் குழிக்குப் பின் முதற்குழி. ஒவ்வொரு முறையும் அடுத்த குழியில் ஏழு சேரும். ஏழு முறை ஆடியபின் தொடக்கநிலை திரும்பும்.

கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில், திருப்புறம் போன்ற நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர்களிலும், சேமிப்பு இவ்வாறே கடனாகச் சுழல்கிறது. ஒருவர் திருப்பிச் செலுத்துவது மற்றவருக்கு முதலாகிறது.

இனி, முதல்முறை இறுதிச் சோழியை இடாமல் வைத்துக்கொண்டு ஆடுக. இடைக்குழிகளுக்குக் குறை தோன்றாது. ஏழாம் குழியின் முறை வரும்போது ஆறே இருக்கும். தவறிய தவணையின் இழப்பைச் சுமப்பவர், வரிசையில் இறுதியாகக் காத்திருப்பவரே.