சாரல் வாடகையும் சம்பள வாடகையும்

அன்புள்ள வாசகருக்கு,

கையில் இருபது லட்சம் இருக்கிறது, குற்றாலத்தில் இரண்டு அறை வாங்கிப் போட்டால் சீசனில் காசு கொட்டாதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மாதாமாதம் வாடகை வர வேண்டுமென்றால் பக்கத்தில் தென்காசிக்குள்ளேயே ஒரு சிறிய வீட்டைப் பாருங்கள்.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தென்மேற்குப் பருவமழை பிடித்தால்தான் சாரல். அது ஓய்ந்தால், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்வரை அறைக்குப் பூட்டுத்தான். மழை பொய்த்தாலும் நஷ்டம், மிஞ்சினாலும் நஷ்டம். 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்தான். குளிக்கத் தடை விழுந்தது. தடை விழுந்தால் அறை எடுத்தவர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். போர்வை வெளுப்பு, ஆள் சம்பளம், உரிமம் என்று அது முழுநேரத் தொழில். வெளியூரில் இருந்துகொண்டு நடத்த முடியாது.

தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானது. மாவட்ட அலுவலகங்களுக்கு மாற்றலாகி வருபவர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள் ஆகியோருக்குப் பன்னிரண்டு மாதமும் வீடு வேண்டும். அதற்காகப் பெரிய லாபம் என்று எண்ண வேண்டாம். ஒரு பேச்சுக்கு, இருபது லட்சத்துக்கு வீடு. முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம், 1,80,000 ரூபாய். (ஆக, உங்கள் பணத்துக்குப் பதினெட்டு லட்சத்து வீடுதான் கட்டுப்படியாகும்.) வாடகை ஏழாயிரம், ஒரு மாதம் காலி என்றால் வருடத்துக்கு 77,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது போக 65,000 நிற்கும். போட்ட பணத்துக்கு 3 சதவீதம்! வங்கி டெபாசிட்டே இதைவிடக் கூடுதலாகத் தரும். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இதில் இறங்க வேண்டும். கடன் வாங்கி இறங்கவே கூடாது. வட்டியில் பாதிக்குக்கூட வாடகை காணாது.

தரகர் அவசரப்படுத்துவார். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் அடிமனை யாருடையது என்று விசாரியுங்கள். கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையர் அனுமதியின்றி விற்க முடியாது. மலையடிவார மனை மலிவாக வந்தால், அங்கே கட்டட அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

குடி வைக்கும்போது வாய்ப்பேச்சு போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்கிறது சட்டம். ஒத்திக்கு விடச் சொல்லி யாராவது மொத்தமாகப் பணம் நீட்டினால் மயங்காதீர்கள். அந்தப் பணம் செலவாகிவிடும், கெடு வந்ததும் திருப்பிக் கொடுக்க வீட்டையே விற்றவர்கள் உண்டு.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் வாடகை என்ன, கோடையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.