பொடியா, பூச்சா?

முனைவர் பட்டச் சேர்க்கை தொடங்கினால் எங்கள் துறை வாசலில் கூட்டம் கூடிவிடும். "பேட்டரியில் செய்ய வேண்டும் சார்" என்று வருகிறவர்களிடம், பேட்டரியில் எதை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: நேனோ பொருள், அதுவும் ஆனோடு. ஏன் அது? சீனியர் அக்கா அதைச் செய்து வரிசையாகப் பேப்பர் போட்டார், கொரியாவுக்குப் போய்விட்டார். சில சமயம் அப்பாவும் கூடவே வந்திருப்பார். "மின்சார வண்டிதான் இனிமேல் என்கிறார்கள், எது சார் சீக்கிரம் முடியும்?" என்பார். பிள்ளையின் ஐந்து வருடம் பற்றிய கவலை அது, நியாயமானது. ஆனால் அந்த ஐந்து வருடத்தை எதில் போடுவது என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் விளக்கப் போவதில்லை. இந்தத் துறைக்கு வர நினைக்கிறவருக்கு அது தெரிந்திருக்கும். மின்முனையை மேம்படுத்த வேண்டும் என்றால் உங்கள் முன் இருக்கும் வழிகள் இவை: கேத்தோடு வேதியியல், சிலிக்கான், இடைமுகப் படலம், கணினி மாதிரி, மின்முனைத் தயாரிப்பு. இவற்றோடு எல்லோரும் போகும் அந்த நேனோ ஆக்சைடு ஆனோடு.

கேத்தோடு வேதியியல் பழைய, மரியாதையான பாதை. 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில், மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம் அவரோடு சேர்ந்து, ஆக்சைடுக்குப் பதிலாகச் சல்ஃபேட் போன்ற தொகுதிகளை வைத்தால் இரும்பின் மின்னழுத்தம் உயர்கிறது என்று காட்டினார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகத்தான் 1997இல் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோரின் இரும்பு பாஸ்பேட் வந்தது. இன்று கார்களிலும் பேருந்துகளிலும் ஓடுவதில் பெரும்பங்கு அதுதான். படிகவியல் உங்களுக்குப் பிடிக்கும், எக்ஸ்ரே வரைபடத்தின் முன் ஒரு மாலை முழுக்க அலுக்காமல் உட்கார முடியும் என்றால் தாராளமாக வாருங்கள்.

சிலிக்கானைப் பற்றி ஒரு வார்த்தை. கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி தருகிறது, சிலிக்கான் சுமார் 3,580. ஆனால் லித்தியத்தை உள்வாங்கும்போது ஏறக்குறைய நான்கு மடங்கு பருத்து, மறுபடி சுருங்கி, பூச்சையே உடைக்கிறது. அதனால் தொழிற்சாலைகள் கிராஃபைட்டோடு சிறு பங்காகக் கலந்தே பயன்படுத்துகின்றன. கடினம்தான், ஆனால் பிரச்சினை உண்மையானது. பைண்டர் வேதியியலில் ஆர்வம் இருக்கிறவருக்கு இங்கே நிறைய வேலை கிடக்கிறது.

இனி அந்த நேனோ ஆக்சைடுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள் இதில்தான் அதிகம் போய் விழுகிறார்கள்.

தொடக்கம் அருமையான கண்டுபிடிப்பு. 2000ஆம் ஆண்டு பிரான்சில் தாராஸ்கோன் குழு, கோபால்ட் ஆக்சைடு போன்றவற்றின் நுண்துகள்கள் ஒரு கிராமுக்கு 700 மில்லிஆம்பியர்-மணி வரை தருகின்றன என்று காட்டியது. கிராஃபைட்டைப் போல இரு மடங்கு. அடுத்த இருபது ஆண்டுகளில் இரும்பு, நிக்கல், மாங்கனீசு என்று ஒவ்வோர் உலோகத்தின் ஆக்சைடும் பூவாகவும் உருண்டையாகவும் குழலாகவும் செய்யப்பட்டு, கிராஃபீனில் சுற்றப்பட்டு, பேப்பராகிவிட்டது. ஹைட்ரோதெர்மல் பாத்திரம் ஒன்றும் அடுப்பு ஒன்றும் போதும், மைக்ராஸ்கோப்பில் படம் அழகாக வரும். சீக்கிரம் பேப்பர் வருவது இதனால்தான்.

அந்தப் பொடி ஏன் மின்முனை ஆகவில்லை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் பூசுவார்கள், லோடிங் என்பது இந்த அளவுதான். கீழே இருக்கும் தாமிரத் தகடு பத்து மைக்ரான் என்றால் அதே பரப்பில் ஒன்பது மில்லிகிராம் எடை. இரு பக்கமும் பூசினாலும் ஒரு பக்கத்தின் பங்குக்கு நாலரை மில்லிகிராம் செம்பு. பொடி கிராமுக்கு ஆயிரம் மில்லிஆம்பியர்-மணி தந்தாலும் அந்தப் பரப்புக்குக் கிடைப்பது ஒரே ஒரு மில்லிஆம்பியர்-மணிதான். சாதாரண கிராஃபைட்டைப் பத்து மில்லிகிராம் பூசி மூன்றரைக்கு மேல் எடுக்கிறார்கள். தலைப்பில் கிராஃபைட்டை ஏறக்குறைய மூன்று மடங்கு மிஞ்சும் பொருள், செல்லுக்குள் வந்தவுடன் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 2011லேயே கோகோட்சியும் சிமோனும் சயன்ஸ் இதழில் இந்த அளவீட்டுப் பிரச்சினையை எழுதி எச்சரித்தார்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

இரண்டாவது, மின்னழுத்தம். இந்த ஆக்சைடுகளுக்கு மின்னேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வோல்ட் இடைவெளி விழுகிறது. போட்ட ஆற்றலில் கணிசமான பகுதி வெப்பமாகப் போகும் பேட்டரியை யார் வண்டியில் வைப்பார்கள்? எத்தனையோ பூவும் குழலும் செய்தும் அந்த இடைவெளி மூடவில்லை. அது வடிவத்தால் வருவதில்லை, வினையின் இயல்பிலேயே இருக்கிறது.

மூன்றாவதுதான் மாணவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே போவது. காயின் செல்லில் எதிரே வைப்பது லித்தியத் தகடு. அதில் லித்தியம் தேவைக்கு மேல் பல மடங்கு இருக்கிறது, இழப்பு எவ்வளவானாலும் அது ஈடுகட்டிவிடும். அதை வைத்து ஆயுளைச் சொல்வது, ஊற்றுக் கிணற்றில் இறைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டித் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று சொல்வது போன்றது. உண்மையான செல்லில், அதாவது ஃபுல் செல்லில், லித்தியம் கேத்தோடில் இருப்பது மட்டும்தான். சைக்கிளுக்கு 99 சதவீதம் திரும்புகிறது என்றால் கேட்க நன்றாக இருக்கும். நூறு சைக்கிளில் மிஞ்சுவது 37 சதவீதம். 99.9 என்றாலும் ஆயிரம் சைக்கிளில் அதே 37. நேனோ துகளுக்குப் பரப்பு அதிகம், பரப்பெல்லாம் எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்து படலம் கட்டும். முதல் சைக்கிளிலேயே கால் பங்கோ அதற்கு மேலோ லித்தியம் போய்விடுவது இந்த ஆக்சைடுகளில் வழக்கம்.

நுண்துகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரும்பு பாஸ்பேட் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. துகளைச் சிறிதாக்கி அதன்மேல் கார்பன் பூசிய பிறகே அது பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே முதலில் ஒரு கேள்வி இருந்தது, நேனோ அதற்குப் பதிலாக வந்தது. வரிசையாகப் பேப்பர் போட்ட மாணவர் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது, "லோடிங் எவ்வளவு? ஃபுல் செல் செய்தீர்களா?" என்ற இரண்டே கேள்விகளில் வாயடைத்து நிற்கிறார். அறிவில்லாத பிள்ளைகள் இல்லை இவர்கள். சரியான கேள்வியை ஐந்து வருடமாக யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமும் கோபமும் வருகிறது.

என்னைக் கேட்டால் மின்முனைத் தயாரிப்புக்கு வாருங்கள் என்பேன். பொடியைப் பூச்சாக்கும் வேலை. இதை மேஸ்திரி வேலை என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் 1991இல் சோனி முதல் லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவர முடிந்ததற்கு, காந்த நாடாவில் பூச்சுப் பூசிப் பழகிய அதன் அனுபவமும் ஒரு காரணம். ஸ்லரியில் கார்பனை முதலில் போடுகிறீர்களா, பைண்டரையா என்பதில் கடத்துதிறன் மாறும். அவசரமாகக் காயவைத்தால் கரைப்பானோடு பைண்டரும் மேலே ஏறிவிடும், அடியில் பூச்சு தகட்டைப் பிடிக்காது. காலண்டர் உருளையில் அழுத்தும்போது துளைவெளி 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கூட அழுத்தினால் அயனிக்கு வழி அடைபடும், குறைத்தால் இடம் வீண். பூச்சைத் தடிமனாக்கினால் செம்பும் அலுமினியமும் மிச்சம், ஆனால் தடிமன் இரு மடங்கானால் அயனி ஊடுருவும் நேரம் நான்கு மடங்காகும். வேகமாகச் சார்ஜ் செய்யும்போது அடிப்பகுதி பட்டினி கிடக்கும். லேசரில் வாய்க்கால் வெட்டலாமா, மேலடுக்கைத் தளர்வாகவும் கீழடுக்கைச் செறிவாகவும் வைக்கலாமா, கரைப்பானே இல்லாமல் உலர்ந்த பொடியாகப் பூசலாமா? தொழிற்சாலைகள் இப்போது மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விகள் இவை. நம் ஊரில் இதற்கு ஆட்கள் மிகக் குறைவு.

கை வேலை வராது, கணக்கு வரும் என்கிறவருக்கு மாதிரியாக்கம். டாயில், ஃபுல்லர், நியூமன் 1993இல் எழுதிய சமன்பாடுகள் இன்றும் அடித்தளம். பைபாம் என்ற இலவச மென்பொருளில் அவற்றைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டலாம். க்ளவ் பாக்ஸ் இல்லாத சிறு கல்லூரியில் இருப்பவருக்கு இதைவிட நேர்மையான வழி தெரியவில்லை. இடைமுகப் படலம் ஆழமான துறை, ஆனால் விலை உயர்ந்த கருவிகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் உங்கள் இயல்பை நீங்களே கவனியுங்கள். ஒரே ஸ்லரியைப் பத்தாவது முறையும் அதே கவனத்தோடு கலக்க முடிகிறவர் உண்டு. ஒரு வளைகோட்டில் சிறு மேடு ஏன் வந்தது என்று தூக்கம் கெடுகிறவர் உண்டு. இரண்டும் திறமைதான், இரண்டும் மதிப்பெண் பட்டியலில் தெரியாது. "எது சீக்கிரம் முடியும்" என்ற அப்பாக்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: மூன்று மணி நேரம் ஏற்றி மூன்று மணி நேரம் இறக்கினால் ஆயிரம் சைக்கிளுக்கு 250 நாள். ஒரே ஒரு செல்லுக்கு. பிள்ளை அந்த நாட்களில் படிக்கட்டும், பிழையைத் தேடட்டும், வீட்டில் அவசரப்படுத்தாதீர்கள்.

சேர்வதற்கு முன், முடிந்தால் ஒரு கோடை விடுமுறையைக் காரைக்குடி சிக்ரி போன்ற ஆய்வு நிறுவனத்தில் கழித்துவிட்டு வாருங்கள். பிறகு சேரப் போகும் ஆய்வகத்தில் கைடிடமும் சீனியர்களிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள்: இங்கே சாதாரண கிராஃபைட்டையும் இரும்பு பாஸ்பேட்டையும் வைத்து ஃபுல் செல் செய்திருக்கிறீர்களா, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினீர்கள், ஒரே மாதிரி மூன்று செல் செய்தால் மூன்றும் ஒரே எண்ணைத் தருகிறதா, புதிதாக வரும் மாணவருக்குச் சைக்கிளரில் சானல் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்.