மஞ்சள் பாறையும் மோரனும்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

புகைப்படக் கருவி இருக்கும்போது ஓவியன் எதற்கு? விடுதியில் ஒருநாள் நண்பர் கேட்ட இக்கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. தாமஸ் மோரனின் எல்லோஸ்டோன் பயணத்தைப் படித்த பின்னரே, விடையில் பாதி நம் ஆய்வகத்திலேயே இருப்பது விளங்கியது.

மோரன் 1837இல் இங்கிலாந்தின் போல்டன் நகரில் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். விசைத்தறி வந்து கைத்தறி படுத்துவிடவே, குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. (தறி நின்றால் வீடு என்னவாகும் என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.) மோரன் மரச்செதுக்கு அச்சுக்கூடத்தில் தொழில் பழகினார். 1871இல் ஒரு மாத இதழில் வந்த எல்லோஸ்டோன் கட்டுரைக்குப் படங்கள் வரைந்தார், இடத்தைக் கண்ணால் காணாமலே! அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். அவ்வாண்டுக் கோடையிலேயே கடன் வாங்கிக்கொண்டு, புவியியலார் ஹேடன் தலைமையில் சென்ற அரசு ஆய்வுக் குழுவுடன் புறப்பட்டார். குதிரையேற்றம் பழகாதவர்; சேணத்தின்மேல் தலையணை வைத்துச் சவாரி செய்தார்.

அக்குழுவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் இருந்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் அயோடைடு கலந்த கொலோடியனைப் பூசி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கூடாரத்து இருட்டிலேயே கழுவியாக வேண்டும். சில்வர் நைட்ரேட்டால் விரல் கறுத்த நம் மாணவர்களுக்கு அவர் பட்ட பாடு புரியும். ஆனால் ஒரு குறை. இவ்வாறு உண்டாகும் சில்வர் அயோடைடு நீல, ஊதா ஒளிக்கு மட்டுமே மசியும். நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மஞ்சளும் சிவப்பும் கறுத்துப்போகும். எல்லோஸ்டோன் பள்ளத்தாக்கின் பெருமையோ அந்த மஞ்சளில்தான் உள்ளது! மஞ்சள் என்றதும் நாம் கந்தகம் என்போம். அன்று. வெந்நீரும் நீராவியும் ரயோலைட் பாறையை மாற்றியதில், அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் தந்த நிறம் அது. பாறையின் வடிவத்தைத் தகடு பிடித்தது. நிறத்தை மோரனின் நீர்வண்ணம் பிடித்தது. இரண்டும் அமெரிக்க நாடாளுமன்றத்தாரின் பார்வைக்குச் சென்றன. 1872 மார்ச் 1 அன்று எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாயிற்று. அவ்வாண்டே அவர் முடித்த, 7 அடி உயரமும் 12 அடி அகலமும் கொண்ட ஓவியத்தை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது.

இங்கே எனக்கொரு சங்கடம். மோரன் உள்ளதை உள்ளபடி வரையவில்லை. படத்தின் அமைப்புக்காகப் பாறைகளை இடம் மாற்றி வைத்தார், அதை மறைக்கவுமில்லை. ரெக்கார்டு நோட்டில் நான் அப்படிச் செய்தால் ஆசிரியர் கையொப்பமிடமாட்டார், இடாததே சரி. ஆயினும் மோரனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளவைப் படம் வேண்டுவோருக்கு ஹேடனின் குழு இருந்தது. மோரன் நகர்த்தியது பாறையை; நிறத்தில் அவர் கவனமாகவே இருந்தார். அங்கே எழுதிய கோட்டுப் படங்களில், எந்த இடத்தில் என்ன நிறம் என்று சொற்களாலும் குறித்து வைத்தார்.

அவர் பிறகு தம் ஓவியங்களில் இட்ட முத்திரையில் டி, எம் எழுத்துகளுக்கிடையே ஒய் என்ற எழுத்தும் சேர்ந்துகொண்டது. அது எல்லோஸ்டோனைக் குறிப்பது.