முதலில் துளையை மட்டும் அச்சிடுங்கள்

வீட்டுச் சாமான்களில் உடைந்துபோன நாப், பிடி, மூடி இவற்றுக்கு மாற்று வரைந்து 3டி பிரிண்டரில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. திரையில் எல்லாமே பொருந்தும். 6 மி.மீ. தண்டுக்கு 6 மி.மீ. துளை வரைந்தால் கணினி மறுப்புச் சொல்லாது. அச்சில் வந்த துளைக்குள் தண்டு நுழையாது. உருகிய பிளாஸ்டிக் இழை வளைவில் திரும்பும்போது உட்பக்கம் இழுபடும், ஆறும்போது சுருங்கவும் செய்யும்.

அதனால் நாப் முழுவதையும் நான் எடுத்தவுடன் அச்சிடுவதில்லை. துளை இருக்கும் பகுதியை மட்டும் 5 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, 6.1, 6.2, 6.3 என்று மூன்று அளவில் ஒரே தட்டில் போடுவேன். சில நிமிட வேலை. எது தண்டில் இறுக்கமாக உட்காருகிறதோ அதுதான் கணக்கு. அந்த எண் என் இயந்திரத்துக்கு உரியது; உங்களுடையதற்கு வேறாக இருக்கும்.

அடுத்தது, படுக்கவைப்பதா நிற்கவைப்பதா என்ற கேள்வி. ரிமோட்டின் பேட்டரி மூடியில் வளைந்துகொடுக்கும் சின்ன நாக்கு இருக்குமே, அதை நிற்கவைத்து அச்சிட்டால் முதல் அழுத்தலிலேயே ஒடியும். 0.2 மி.மீ. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி உருவான பொருள் இது. மரம் இழைவாக்கில் பிளப்பதுபோல அடுக்குவாக்கில் விட்டுப்போகும். படுக்கவைத்தால் அதே நாக்கு நன்றாக வளையும். வலு எந்தப் பக்கம் வரும் என்று யோசிக்காமல், அழகாகத் தெரியும் பக்கத்தை மேலே வைப்பவர்கள்தான் அதிகம்.

இழைக்கான பிளாஸ்டிக் வகைகளில் பிஎல்ஏ மலிவு, அச்சிடவும் எளிது. ஆனால் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கும் எதையும் அதில் செய்யாதீர்கள். அதற்கு ஏபிஎஸ் என்ற வகையைப் போடுங்கள்.

3டி அச்சு புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் சக் ஹல் 1984-லேயே திரவப் பிசினை ஒளியால் இறுகவைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறையின் காப்புரிமை 2009-ல் முடிந்த பிறகுதான் விலை இறங்கி, இந்த இயந்திரம் என் மேசைக்கு வந்தது.

கடையில் கொடுத்து அச்சிடுபவர்களுக்கு ஒன்று. வரைந்த வடிவத்தை அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் எண் மட்டும்தான் இருக்கும், அலகு இருக்காது. அங்குலத்தில் வரைந்ததை மி.மீ. என்று படித்தால் பொருள் 25.4 மடங்கு சிறுத்துவிடும். நீளம், அகலம், உயரத்தைக் கையால் எழுதிக் கோப்போடு சேர்த்தே கொடுங்கள்.