கூரை யார் நிலத்தில் நிற்கிறது?

கேள்வி: பெருநகர் பஸ் நிறுத்தம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மரம் வெட்டும் இடத்தில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பம் ஒன்று எங்கள் ஏரிக்கரையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். கையில் விடுதலைச் சான்றிதழ் இருக்கிறது. பழைய முதலாளியின் ஆள் பைக்கில் வந்து, "வாங்கின முன்பணத்தை எண்ணி வை, இல்லை வேலைக்கு வா" என்கிறான். ஏரிக்கரைக்குப் பட்டா தர முடியாது என்று வி.ஏ.ஓ. சொல்லிவிட்டார். ஊரில் வாடகைக்கும் யாரும் விடவில்லை. மழைக்காலம் வருகிறது. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெருநகர்

பதில்: முதல் வேலை உங்கள் கடையிலேயே இருக்கிறது. அந்தச் சான்றிதழைப் பத்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள். அசல் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போதும், லேமினேஷன் வேண்டாம்.

அடுத்து பைக்கில் வரும் அந்த ஆள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. கொத்தடிமைக் கடன் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது 6-வது பிரிவு. அப்படி ஒழிந்துபோன கடனுக்குப் பணம் வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை, அது 9-வது பிரிவு. குடும்பம் இருளர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரக்கூடும். அவர் வந்த தேதி, நேரம், வண்டி எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, காவல் நிலையத்தில் ஒன்றும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒன்றும் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்ப் புகார் காற்றோடு போய்விடும்.

இனி வீடு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடும் படம் நாடெங்கும் வந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கடனைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சங்கதியாகத் தோன்றுவது கூரை. இப்படிப்பட்ட இடங்களில் குடிசை முதலாளி நிலத்தில்தான் நிற்கும். கடன் ரத்தாகிறது, கூரையும் அன்றைக்கே போய்விடுகிறது. மீட்கப்பட்டவர்களில் சிலர் பழைய இடத்துக்கே திரும்புவதைப் பார்த்து, "இவர்களுக்கு விடுதலையின் அருமை தெரியவில்லை" என்பவர்கள் உண்டு. பிள்ளைகளைப் படுக்கவைக்க வேறு இடம் இல்லாதவரிடம் அருமை பெருமை பேசி என்ன ஆகப்போகிறது?

வி.ஏ.ஓ. சொன்னது பொய்யல்ல. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது. கேட்டு அலைந்தால் காலம்தான் வீணாகும். நாளைக்கு ஆக்கிரமிப்பு என்று காலிசெய்யச் சொன்னால் அதற்கும் அவர்கள்தான் முதலில் அகப்படுவார்கள். ஆனால் அவர் அதோடு நிறுத்திக்கொண்டது சரியில்லை. "இங்கே முடியாது" என்றால் "எங்கே முடியும்" என்று அவரைக் கேட்க வேண்டும். நத்தத்தில் காலியிடம் இருக்கலாம். இல்லாவிட்டால் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை தனியார் நிலத்தைக் கையகப்படுத்தி மனை பிரித்துத் தரலாம். அதற்கென்றே 1978-ல் மாநிலச் சட்டம் இருக்கிறது.

மனுவில் "வீடில்லாமல் கஷ்டப்படுகிறோம், கருணை காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். அந்த மாதிரி மனு கட்டுக்கட்டாக வரும். "கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டத்தின்படி எங்களுக்குச் சேர வேண்டிய வீட்டுமனையும் வீடும்" என்று எழுதுங்கள். அந்த மத்தியத் திட்டத்தில் வீட்டுமனை, குறைந்த செலவு வீடு இரண்டும் சொல்லப்பட்டிருக்கின்றன. ரொக்கம் தனி: ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள், குழந்தைகளுக்கு 2 லட்சம், கொடுமை மிக அதிகமான வழக்குகளில் 3 லட்சம். ஆனால் இந்தப் பெரிய தொகை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போடப்பட்டது. வழக்கு முடிய வருடக்கணக்கு ஆகும். அதை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். உடனடி உதவியாக ஒருவருக்கு 30,000 ரூபாய் வரை வழக்கு முடிவதற்குக் காத்திராமல் கிடைக்க வேண்டும். அது வந்ததா என்று விசாரியுங்கள். மாவட்டத்தில் இதற்கெனக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதைக் கேட்டால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார்.

பழங்குடியினர் சாதிச் சான்று இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் கையோடு கேளுங்கள். தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விடுதலைச் சான்றிதழ் விவகாரத்தில் இந்தக் குடும்பத்தின் பெயர் ஏற்கெனவே அவருடைய கோப்புகளில் இருக்கும், அதைச் சொல்லிக் கேட்கலாம்.

பட்டா கைக்கு வந்தபிறகு உத்திரமேரூர் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.வைப் பாருங்கள். இருளர்கள் மிகவும் நலிவடைந்த பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால் 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீடு கேட்கலாம். மாநிலத்தின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிறார்கள், சொந்த மனை இருக்க வேண்டும். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்று இருக்கிறது. பணம் தவணையாக வரும். கடைக்கால் போட்டால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை. கடைக்கால் தோண்டவும் ஜல்லி இறக்கவும் முதல் காசு யார் தருவது? செங்கல் சூளைக்காரரோ மரம் வெட்டும் மேஸ்திரியோ சிரித்துக்கொண்டே "அட்வான்ஸ்" கொடுப்பார். கொத்தடிமைத்தனத்திலிருந்து வந்தவர் வீடு கட்டப்போய் மறுபடி அதிலேயே விழுவார். "பயனாளி தானே கட்டிக்கொள்ள முடியாது, நிர்வாகமே ஆள் வைத்துக் கட்டித் தர வேண்டும்" என்று மனுவிலேயே ஒரு வரி சேருங்கள். மொத்த மனுவிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வரிதான்.

மனை எங்கே என்பதிலும் வாய் திறக்க வேண்டும். பழைய முதலாளியின் தோட்டத்தைத் தாண்டித்தான் தண்ணீருக்கும் பள்ளிக்கும் போக வேண்டும் என்றால் அந்த மனை வேண்டாம் என்று சொல்லலாம். பட்டாவில் மனைவியின் பெயர் வரட்டும். மழை முடியும் வரையில் சமுதாயக் கூடத்தையோ பள்ளிக் கட்டடத்தையோ தாசில்தாரிடம் கேளுங்கள். வெள்ளம் வந்தால் திறக்கிற கதவு இவர்களுக்கும் திறக்கும். இருளருக்காக நெடுங்காலமாக வேலை செய்துவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனம் பக்கம்தான் இருக்கிறது. தனியாக அலைவதைவிட அவர்களோடு போவது நல்லது.

வாடகைக்கு ஊரில் யாரும் விடவில்லை என்கிறீர்கள். ஊரை எனக்குத் தெரியாது. கடைக்காரரான உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஒருவரிடம் நீங்கள் ஜாமீன் நின்று பேசினால் ஒரு கதவு திறக்குமோ என்னவோ, முயன்று பாருங்கள்.

கேள்வி: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறேன் அக்கா. கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். முகாம் வீடு அவர் பெயரில். வெளியேறினால் கணக்கெடுப்பில் பெயர் அடிபட்டு உதவித்தொகையும் போய்விடும் என்று பயம். இந்தியக் குடியுரிமை இல்லாத நான் கோர்ட்டுக்குப் போக முடியுமா?
— வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: போகலாம் தங்கச்சி. 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் அடிபட்ட பெண்ணிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லை. உயிருக்கும் கண்ணியத்துக்குமான உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு என்று வங்கதேசப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.

வீடு யார் பெயரில் என்பது இந்தச் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, 17-வது பிரிவு. அவரை வெளியே போகச் சொல்லி உத்தரவிடவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு, 19-வது பிரிவு. பெண்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று நம் வீடுகளில் பழக்கிவிட்டார்கள். மனுவை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரே எழுதித் தருவார். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், 15100-ல் கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் சட்டம் பேசிக்கொண்டிருக்காமல் 181-ஐக் கூப்பிடுங்கள். ஒன்-ஸ்டாப் சென்டரில் சில நாள் தங்கலாம். கிளம்பும்போது முகாம் பொறுப்பு வருவாய் ஆய்வாளருக்கு, "பாதுகாப்புக்காக இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாலும் சாட்சிதான். கணக்கெடுப்பில் "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. கூடவே தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லி ஒரு மனு போடுங்கள். 2021-ல் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உதவித்தொகையை உயர்த்தினார்கள். முகாம்களில் 7,469 வீடுகள் கட்டும் அறிவிப்பும் அப்போது வந்ததுதான். உங்கள் முகாமில் புது வீடு ஒதுக்கும் பட்டியல் தயாராகிறது என்றால் அதற்கு முன்பே இந்த மனு போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒடிசா தம்பதி ஊருக்குப் போகப் பயந்து இங்கேயே இருக்க நினைக்கிறார்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமா?
— ஆசிரியர், உத்திரமேரூர்

பதில்: பலவந்தமாக ரயிலேற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. நாட்டில் எங்கே குடியிருப்பது என்பது குடிமகனின் விருப்பம். ஒடிசா ரேஷன் கார்டிலேயே இங்கே அரிசி வாங்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: "அறையும் சேர்த்துத் தருகிறேன்" என்று வேலைக்குக் கூப்பிடுகிறவரிடம் போகவிடாதீர்கள். வேலை ஒருவரிடம், வாடகை வீடு வேறொருவரிடம் இருக்கட்டும். வீட்டுக்காரர் தயங்கினால் காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரப் படிவத்தை நீங்களே கூடப் போய்க் கொடுத்துவிடுங்கள், பாதித் தயக்கம் அதில் போய்விடும்.

பிறகு மனம் மாறி ஊருக்குக் கிளம்பினால், விடுதலைச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒடிசா அலுவலகத்தில் அதைப் படிக்க ஆள் கிடைக்கமாட்டார். ஆங்கிலத்தில் ஒரு பிரதி, கோட்டாட்சியர் முத்திரையோடு, ரயில் ஏறும் முன்பே வாங்கிக் கொடுங்கள்.